சிதறிய எலும்புகளும் ஒரு வரைபடமும்: நர்மதைப் பள்ளத்தாக்கின் ஊனுண்ணி டைனோசர்கள்

இந்தியத் துணைக்கண்டத்தில் வாழ்ந்து மறைந்த பெரிய ஊனுண்ணி டைனோசர்களைப் பற்றி இன்று நமக்குள்ள அறிவு, தலைமுதல் வால்வரை ஒழுங்காகக் கிடந்த எலும்புக்கூடு எதிலிருந்தும் பிறந்ததன்று. ஜபல்பூரின் ஒரு குன்றிலும் குஜராத்தின் ஒரு சிற்றூரிலும் தாவரவுண்ணிகளின் எலும்புகளோடு கலந்து கிடந்த மண்டையோட்டுத் துண்டுகளையும் முள்ளெலும்புகளையும் இடுப்பெலும்புகளையும் கையில் வைத்துக்கொண்டு, எந்த எலும்பு எந்த விலங்கினுடையது என்று பிரித்தறிய ஏறத்தாழ நூறாண்டுக் காலம் முயன்றதன் வரலாறே அவ்வறிவின் வரலாறு. அந்த முயற்சியில் அரிய உழைப்பும் உண்டு, அவசரப் பெயர்சூட்டலும் உண்டு, ஈடுசெய்ய முடியாத இழப்புகளும் உண்டு. எலும்பைக் கண்டெடுத்தவரும் அதற்குப் பெயர் வைத்தவரும் நினைக்கப்படும் அளவுக்கு, அது மண்ணில் கிடந்த நிலையைப் பதிந்து வைத்தவர் நினைக்கப்படுவதில்லை. எனினும் இந்த வரலாற்றின் பெருந்திருப்பம் அத்தகைய ஒரு பதிவினால்தான் நேர்ந்தது.

இந்த எலும்புகள் அடங்கிய பாறைகள் லமேட்டா படிவுகள் எனப்படுகின்றன. ஜபல்பூருக்கு அருகில், பேடாகாட்டின் பளிங்குப் பாறைகளுக்குத் தொலைவில் இல்லாத லமேட்டாகாட் என்னும் நர்மதைப் படித்துறையின் பெயரே அவற்றுக்கு இடப்பட்டது. மணற்கல், களிமண், சுண்ணாம்புக்கல் ஆகியவை அடுக்கடுக்காக அமைந்த இப்படிவுகள் பெரிய தடிப்புடையவை அல்ல. மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், குஜராத் ஆகிய மாநிலங்களில் தனித்தனித் திட்டுகளாக வெளித்தெரிகின்றன. இவற்றின்மேல் தக்காணத்தின் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பாய்ந்து உறைந்து கிடக்கிறது. இன்றும் ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பை மூடியிருக்கும் அந்தக் கருங்கற் போர்வை, சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் கிரெட்டேசியஸ் காலம் முடிவுறும் தறுவாயில் உருவானது. ஆகவே அதன் அடியில் புதைந்தவை பறவை வழியல்லாத டைனோசர்களின் இறுதித் தலைமுறைகளைச் சேர்ந்தவை என்று கொள்ளலாம். குழம்பு மூடியதால் எலும்புகள் காக்கப்பட்டன என்பது பாதி உண்மையே. குழம்பு வருமுன்பே ஓடைகளும் திடீர் வெள்ளங்களும் பிணங்களைப் பிரித்து, எலும்புகளை உருட்டி, ஓரிடத்தில் குவித்துவிட்டிருந்தன. ஒரே படுகையில் பத்து விலங்குகளின் எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பதற்கு அதுவே காரணம்.

ஆசியாவில் டைனோசர் எலும்பு முதன்முதலாகக் கிடைத்தது இந்தப் படிவுகளில்தான். தக்கர் என்னும் கொள்ளையரை ஒடுக்கியதற்காகப் பிற்காலத்தில் பெயர்பெற்ற வில்லியம் ஹென்றி ஸ்லீமன், 1828இல் ஜபல்பூரின் பாரா சிம்லா குன்றுப் பகுதியில் கல்லாக மாறிய எலும்புகளைக் கண்டெடுத்தார். டைனோசர் என்னும் சொல்லை ரிச்சர்டு ஓவன் உருவாக்குவதற்கு அப்போது இன்னும் 14 ஆண்டுகள் இருந்தன. அவ்வெலும்புகளில் இரண்டு வால் முள்ளெலும்புகள், மருத்துவர் ஸ்பில்ஸ்பரியின் கைக்குச் சென்று, பிராமி எழுத்தைப் படித்தறிந்த ஜேம்ஸ் பிரின்செப் வழியாகக் கல்கத்தாவை அடைந்து, இறுதியில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் சேகரத்தில் சேர்ந்தன. 1877இல் ரிச்சர்டு லைடெக்கர் அவற்றுக்கு டைட்டனோசாரஸ் இண்டிகஸ் என்று பெயரிட்டார். அது நெடுங்கழுத்துத் தாவரவுண்ணி. இக்கட்டுரையின் பொருளோடு அதற்குள்ள தொடர்பு, ஊனுண்ணிகளுக்கு அது இரையாகியிருக்கக்கூடும் என்பதும், அதன் எலும்புகளுக்கு நேர்ந்த கதியுமே. அவை சேகரத்திற்குள்ளேயே காணாமற்போய், பல்லாண்டுகள் தொலைந்தவை என்றே கருதப்பட்டு, 2012இல்தான் கொல்கத்தாவில் மீண்டும் அடையாளம் காணப்பட்டன. மண்ணுக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகள் தாங்கிய ஒன்று, அலமாரிக்குள் ஒரு நூற்றாண்டைத் தாங்குவது அரிதாக இருந்திருக்கிறது.

ஊனுண்ணிகளின் வரலாறு சார்லஸ் ஆல்ஃபிரட் மாட்லியுடன் தொடங்குகிறது. அரசாங்கக் கணக்குத்துறையில் பணியாற்றிக்கொண்டே புவியியலில் ஆழ்ந்த பயிற்சி பெற்றிருந்த அவர், முதல் உலகப்போரின் கடைசி ஆண்டுகளில், 1917 முதல் 1919 வரையில், பாரா சிம்லாக் குன்றின் சரிவுகளை முறையாகத் தோண்டினார். தாவரவுண்ணிகளின் பேரெலும்புகள் ஓரடுக்கில் கிடக்க, அதனின்று வேறான ஓரிடத்தில் ஊனுண்ணிகளின் எலும்புகள் நெருக்கமாகக் குவிந்து கிடந்ததை அவர் கண்டார். அந்த அடுக்கு ஊனுண்ணிப் படுகை என்னும் பொருளில் வழங்கலாயிற்று. ஒன்றிரண்டல்ல, பல விலங்குகளின் எலும்புகள், பெரியவையும் சிறியவையுமாக, மூட்டுகள் முற்றும் கழன்ற நிலையில் அங்கே கலந்திருந்தன. உலகில் ஊனுண்ணி டைனோசர் எலும்புகள் இத்தனை எண்ணிக்கையில் ஒரே இடத்தில் சேர்ந்து கிடைப்பது அரிது. எந்த உணவுச் சங்கிலியிலும் உண்பவை இரைகளைவிடக் குறைவாகவே இருக்கும் என்பதே இதற்குக் காரணம். மாட்லியின் கையில் அரியதொரு புதையல் விழுந்திருந்தது. ஆனால் அது கலைந்த புதையல்.

கலைந்ததன் விளைவு உடனே தெரிந்தது. அந்தப் படுகையில் கிடைத்த திரிகம், அதாவது இடுப்பெலும்புகளைத் தாங்கும் ஒன்றிணைந்த முள்ளெலும்புத் தொகுதி, இரண்டு மேலிடுப்பெலும்புகள், ஒரு கணைக்காலெலும்பு ஆகியவற்றோடு தோலில் பதிந்திருக்கும் எலும்புத் தகடுகளும் கிடைத்ததால், இவை யாவும் ஒரே விலங்கின் உறுப்புகள் என்று மாட்லி கருதி, கவசமணிந்த தாவரவுண்ணி ஒன்றாக அதனைப் பாவித்து, லமேட்டாசாரஸ் இண்டிகஸ் என்று பெயரிட்டார். ஏறத்தாழப் பத்தாண்டுகளில் எதிர்ப்பு எழுந்தது. 1935இல் சக்ரவர்த்தி என்னும் இந்திய அறிஞர், லமேட்டாசாரஸ் உண்மையிலேயே கவச டைனோசர்தானா என்று தலைப்பிலேயே வினவும் கட்டுரையை அமெரிக்க அறிவியல் இதழொன்றில் வெளியிட்டு, அது பல விலங்குகளின் எலும்புகளைச் சேர்த்துக் கட்டிய கலவை என்று காட்டினார். அவர் சொன்னதே நிலைத்தது: இடுப்பும் திரிகமும் ஊனுண்ணியினுடையவை, தகடுகள் வேறு விலங்குகளினுடையவை. இந்தியத் தொல்லுயிரியலில் இத்தகைய நேர்மையான மறுப்புகளுக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை. வருந்தத்தக்கது என்னவென்றால், அந்த இடுப்பும் திரிகமும் பின்னர் சேகரத்தில் காணக்கிடைக்காமற் போயின. ஊனுண்ணி ஒன்றின் மிக முழுமையான இடுப்புப் பகுதி இந்தியாவில் முதன்முதலாகக் கிடைத்தும், மறுபடி ஆராயப்படாமலே மறைந்துவிட்டது.

மாட்லி சேகரித்த எலும்புகளை விரிவாக ஆராயும் பணி ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிரீட்ரிக் ஃபான் ஹியூனாவிடம் ஒப்படைக்கப்பட்டது. இருவரும் சேர்ந்து 1933இல் வெளியிட்ட நூல், இந்திய டைனோசர் ஆராய்ச்சியின் அடித்தளம் என்று சொல்லத் தகும். அதில் ஊனுண்ணிகளுக்கென்று மட்டும் எட்டுப் புதிய பேரினங்கள் படைக்கப்பட்டன. பேரினம் என்பது நெருங்கிய உறவுடைய சிற்றினங்களை அடக்கும் வகைப்பாட்டுப் பிரிவு. அவற்றுள் பெரியவை இண்டோசூக்கஸ், இண்டோசாரஸ் என்னும் இரண்டு. மற்றவற்றின் பெயர்களைக் கூர்ந்து நோக்கினால் அக்காலத்து மனப்போக்கு தெரியும். டிரிப்டோசாரஸ் என்னும் வட அமெரிக்க விலங்கை ஒத்தது டிரிப்டோசாராய்டிஸ். சீலூரஸை ஒத்தது சீலூராய்டிஸ். தீக்கோழி உருவத்து ஆர்னிதோமிமஸை ஒத்தது ஆர்னிதோமிமாய்டிஸ். வடக்குக் கண்டங்களில் அறியப்பட்ட விலங்குகளே அளவுகோலாக இருந்தன. ஜபல்பூரின் எலும்புகள் அவற்றின் சாயல்களாகவே படிக்கப்பட்டன. இப்பெயர்களுள் பல, ஒருசில முள்ளெலும்புகளை மட்டுமே ஆதாரமாகக் கொண்டவை. ஒரே விலங்கின் கழுத்து முள்ளெலும்பும் முதுகு முள்ளெலும்பும் வால் முள்ளெலும்பும் ஒன்றோடொன்று ஒத்திரா. ஆகையால் தனி முள்ளெலும்பைக் கொண்டு பெயர் வைப்பவர், ஒரே விலங்குக்கு மூன்று பெயர்களை வைத்துவிடும் வாய்ப்பு எப்போதும் உண்டு. ஹியூனா அந்த வலையில் விழுந்தார் என்பதே இன்றைய அறிஞர் பலரின் மதிப்பீடு. ஆயினும் அவர் ஒவ்வோர் எலும்பையும் வரைந்தும் அளந்தும் விட்டுச்சென்ற விவரணைகள் இல்லையென்றால், பின்வந்தவர்களுக்குத் திருத்துவதற்கே எதுவும் இருந்திராது.

இண்டோசூக்கஸையும் இண்டோசாரஸையும் ஹியூனா பிரித்தறிந்தது மண்டையோட்டின் கூரையைக் கொண்டு. கண்குழிகளுக்கு இடையில் அமையும் நெற்றியெலும்பும் அதற்குப் பின்னால் அமையும் உச்சியெலும்பும் சேர்ந்து மூளையின்மேல் மூடிபோல் பொருந்துகின்றன. உச்சியெலும்பின் இரு பக்கங்களிலும் பெரிய திறப்புகள் உண்டு. தாடையை மூடும் தசைகள் அவற்றின் விளிம்புகளில் பற்றிக்கொண்டு கீழே இறங்குகின்றன. எனவே அத்திறப்புகளின் நீளமும் அவற்றுக்கிடையே உயரும் முகட்டின் வடிவமும், விலங்கின் கடிக்கும் திறனைப் பற்றிப் பேசும் சாட்சிகள். இண்டோசாரஸின் நெற்றியெலும்பு வழக்கத்துக்கு மாறாகத் தடித்தது. இண்டோசூக்கஸின் முகடு ஒடுங்கியது. உள்ளங்கையில் அடங்கக்கூடிய இந்த வேறுபாடுகளின்மீதே, பல மீட்டர் நீளமான விலங்குகள் இரண்டின் அடையாளம் நிறுத்தப்பட்டது. 1922இலேயே ஜபல்பூருக்கு வந்த அமெரிக்கர் பார்னம் பிரவுன், டைரனோசாரஸை முதன்முதலில் கண்டெடுத்த அதே பிரவுன், நியூயார்க் அருங்காட்சியகத்திற்காகச் சேகரித்துச் சென்ற தாடையெலும்புகளை 1978இல் சங்கர் சட்டர்ஜி ஆராய்ந்து, இண்டோசூக்கஸின் முகத்தை ஓரளவு மீட்டுருவாக்கினார். அப்போதும் அது வடக்கத்திய டைரனோசாரஸின் உறவாகவே கருதப்பட்டது.

விடை வந்தது தென்னமெரிக்காவிலிருந்து. 1985இல் அர்ஜென்டினாவின் ஹோஸே பொனபார்ட்டும் ஃபெர்னாண்டோ நோவாஸும் அபெலிசாரஸ் என்னும் ஊனுண்ணியின் மண்டையோட்டை விவரித்து, அதற்கென்று தனிக் குடும்பம் ஒன்றை நிறுவினர். அதே ஆண்டில் பொனபார்ட் பெயரிட்ட கார்னோடாரஸ், ஏறக்குறைய முழு எலும்புக்கூடாகவே கிடைத்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, அபெலிசாரிட் என்னும் இக்குடும்பத்தின் உருவம் தெளிவாயிற்று. டைரனோசாரஸின் மண்டையோடு நீண்டது என்றால், இவற்றினுடையது குட்டையானது, ஆனால் உயரமானது; முகத்து எலும்புகளின் வெளிப்பரப்பு முழுதும் குழிகளும் வரிகளும் சுருக்கங்களுமாகக் கரடுமுரடானது; அந்தப் பரப்பின்மேல் உயிருள்ளபோது கடினமான தோல் ஒட்டியிருக்க வேண்டும். கைகள் இன்னும் வியப்பானவை. டைரனோசாரஸுக்கு இரண்டு விரல்கள், கார்னோடாரஸுக்கு நான்கு. விரல் எண்ணிக்கை கூடினாலும் முன்னங்கை மேற்கையின் கால்வாசி நீளமே இருந்ததால், அந்த நான்கு விரல்களும் பயனற்ற முளைகளாக ஒடுங்கிவிட்டன. இரையைப் பற்றிக் கொல்லும் வேலை முழுதும் தாடைக்கும் கழுத்துக்கும் உரியதாகிவிட்டது. இந்தப் பட்டியலோடு ஜபல்பூர் எலும்புகளை ஒப்பிட்டபோது, இண்டோசூக்கஸும் இண்டோசாரஸும் தங்கள் உண்மையான உறவினரை அடைந்தன.

தெற்கத்திய உறவு என்பதற்குப் பொருள் நிலவியல் சார்ந்தது. இந்தியா, மடகாஸ்கர், தென்னமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, அண்டார்க்டிகா ஆகியவை கோண்டுவானா என்னும் ஒரே பெருநிலமாக இணைந்திருந்தன. அது உடைந்து சிதறியபின், இந்தியாவும் மடகாஸ்கரும் ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் வரையில் ஒட்டியே இருந்தன. அந்தப் பெருநிலத்திற்குக் கோண்டுவானா என்று பெயர் வந்ததும் நர்மதையின் தென்கரையில் பரந்திருந்த கோண்டு மக்களின் நாட்டைக் கொண்டுதான். ஆகவே ஜபல்பூர் ஊனுண்ணியின் மிக நெருங்கிய உறவை மடகாஸ்கரில் தேடுவது இயல்பானதே. அங்கே 1896இல் பிரெஞ்சு அறிஞர் சார்ல் தெப்பேரே, பல் முதலிய சில எச்சங்களைக் கொண்டு ஊனுண்ணி ஒன்றைப் பதிந்து, அதன் பற்களின் விளிம்புகள் மிகுதியாக ரம்பம்போல் வெட்டுண்டிருந்ததால், கிரெனாட்டிசிமஸ் என்னும் சிற்றினப் பெயரை அதற்கு இட்டிருந்தார். பின்னர் அதே நாட்டில் கிடைத்த, மேடான குமிழ் உடைய நெற்றியெலும்பு ஒன்று, தலையால் முட்டிக்கொள்ளும் தாவரவுண்ணியினுடையது என்று 1979இல் தவறாக வகைப்படுத்தப்பட்டது. 1996இல் அகழப்பட்ட அழகான மண்டையோடு ஒன்றே அந்தக் குமிழும் அந்தப் பற்களும் ஒரே ஊனுண்ணிக்கு உரியவை என்று நிறுவியது. அதுவே மஜுங்காசாரஸ்.

இந்தியாவில் கிடைக்காத முழுமை மடகாஸ்கரில் கிடைத்ததால், நர்மதை விலங்குகளின் வாழ்க்கையை ஊகிக்க மஜுங்காசாரஸே இன்று அளவுகோல். அதன் பல்லொன்றைப் பக்கவாட்டில் பார்த்தால், முன்விளிம்பு வில்போல் வளைந்தும் பின்விளிம்பு ஏறத்தாழ நேராகவும் இருக்கும். உயரம் குறைந்த, பக்கவாட்டில் தட்டையான அந்தப் பல்லின் இரு விளிம்புகளிலும் நுண்ணிய பற்கள் வரிசையாக அமைந்துள்ளன. இத்தகைய பல், கத்தியைப்போல் ஆழமாகக் குத்திக் கிழிப்பதைவிட, சதையைப் பற்றி விடாமல் பிடித்து இழுப்பதற்கே ஏற்றது. தடித்த கழுத்து எலும்புகள் அந்த இழுப்பைத் தாங்கின. பற்கள் விரைவில் தேய்ந்ததால், ஒவ்வொரு பல்லிடத்திலும் ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை புதிய பல் முளைத்தது என்று பல்லின் உள்ளே படிந்த நாள்வளையங்களை எண்ணி 2019இல் கணக்கிடப்பட்டது. லமேட்டா படிவுகளில் ஊனுண்ணிகளின் தனிப்பற்கள் ஆங்காங்கே கிடைப்பதற்கும் இதுவே காரணமாகலாம். மஜுங்காசாரஸின் எலும்புகள் சிலவற்றில் பதிந்த கடித்தடங்களின் இடைவெளி, மஜுங்காசாரஸின் பல்வரிசையோடே பொருந்துகிறது; தன்னினத்தின் உடலையும் அது உண்டது என்பதற்கு அதைவிட நேரான சான்று கிடைப்பது அரிது.

1981இல் குஜராத்தின் பாலாசினோருக்கு அருகிலுள்ள ராயோலி என்னும் சிற்றூர்ப் பகுதியில், சிமென்ட்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டிய இடத்தில், உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. அவை டைனோசர் முட்டைகள் என்று அறியப்பட்டபின், இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அப்பகுதியில் கவனம் செலுத்தியது. அத்துறையின் சுரேஷ் ஸ்ரீவஸ்தவா, 1982 முதல் 1984 வரையிலான களப்பருவங்களில், கோயில் குன்று என்று வழங்கும் இடத்தில் எலும்புப் படுகையைத் திறந்தார். எலும்புகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. பெரும்பாலானவை நெடுங்கழுத்துத் தாவரவுண்ணிகளினுடையவை. அவர் அவற்றைப் பெயர்த்தெடுப்பதற்கு முன், ஒவ்வொன்றும் எந்த இடத்தில், எந்தத் திசையில், எதன் அருகில் கிடந்தது என்பதை விரிவான வரைபடமாக எழுதினார். எலும்புகள் ஜெய்ப்பூரிலுள்ள துறை அலுவலகத்தைச் சேர்ந்தன. வரைபடமும் அவற்றோடு சேர்ந்தது. களத்தில் வெயிலில் குனிந்து அளவெடுக்கும் அந்த வேலைக்கு அப்போது பெரும் பாராட்டு எதுவும் கிடைத்திருக்காது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவ்வெலும்புகள் பெயரின்றியே இருந்தன.

2001இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பால் செரினோவும் ஜெஃப்ரி வில்சனும், பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் அசோக் சாஹ்னி முதலிய இந்திய அறிஞர்களோடு சேர்ந்து ஜெய்ப்பூர்ச் சேகரத்தை ஆராயத் தொடங்கினர். அப்போது ஸ்ரீவஸ்தவாவின் வரைபடம் பெருந்துணையாயிற்று. அதில் ஊனுண்ணி எலும்புகள் தாவரவுண்ணிகளின் நடுவே ஒருபுறமாக நெருங்கிக் கிடந்தன. திரிகமும் இடுப்பெலும்புகளும் அவற்றோடு தொடர்பான முள்ளெலும்புகளும் கால் எலும்புகளும் அருகருகே இருந்தன. அளவிலும் ஒன்றோடொன்று பொருந்தின. அவை ஒரே விலங்கின் உறுப்புகள் என்ற முடிவுக்கு எலும்பின் வடிவம் மட்டும் இட்டுச்சென்றிருக்காது. அவை கிடந்த இடமே இட்டுச்சென்றது. மாட்லிக்குக் கிட்டாத உறுதி இங்கே கிட்டியது. மூளைப்பேழை, முள்ளெலும்புகள், இடுப்பு, தொடை, கணைக்கால் என ஓர் உடலின் எச்சங்களாக அறியப்பட்ட அவற்றுக்கு, 2003இல் வில்சன், செரினோ, ஸ்ரீவஸ்தவா முதலிய ஆறு ஆசிரியர்கள் ராஜசாரஸ் நர்மதென்சிஸ், அதாவது நர்மதைப் பகுதியின் அரசப்பல்லி, என்று பெயரிட்டனர். வரைபடம் வரைந்தவரின் பெயரும் ஆசிரியர் வரிசையில் இடம்பெற்றது மனநிறைவு தருவது.

ராஜசாரஸின் தனித்தன்மை தலையிலும் இடுப்பிலும் உள்ளது. நாசியெலும்புகளும் நெற்றியெலும்புகளும் சேர்ந்து எழும்பி, தலைநடுவில் உயரம் குறைந்த, மழுங்கிய ஒற்றைக் கொம்பாக அமைந்தன. உறவினங்களோடு ஒப்பிட்டால் அதன் சிறப்பு விளங்கும். கார்னோடாரஸுக்குக் கண்களுக்கு மேல் இரட்டைக் கொம்புகள். மஜுங்காசாரஸுக்கு நெற்றியெலும்பில் மட்டும் குமிழ். ராஜசாரஸுக்கு இரண்டெலும்புகளின் எல்லையில் கொம்பு. தாடைத் தசைகள் பற்றும் தலைமேல் திறப்புகள் இதில் நெற்றியெலும்பின் நீளத்தை மிஞ்சி நீண்டிருந்தன. மேலிடுப்பெலும்பு மிகத் தடித்தது. தொடையைத் தாங்கும் குழிக்கும், வாலிலிருந்து காலை இழுக்கும் தசை பற்றும் பள்ளத்திற்கும் இடையே குறுக்காக ஒரு மேடு ஓடியது. தொடையெலும்பும் கனமானது. கனத்த உடலைத் தாங்கி நிற்கும் வலிமை அதன் கால்களில் இருந்தது என்பதை இவை காட்டுகின்றன. கைகள் கிடைக்கவில்லை; உறவினங்களைப் பார்த்தே அவை குறுகியவை என்று கருத வேண்டியுள்ளது. பெயரிடப்பட்டபோது சுமார் 9 மீட்டர் நீளம் என்று பரவலாகச் சொல்லப்பட்டது. பிற்கால ஒப்பீட்டுக் கணிப்பொன்று 6.6 மீட்டர் என்றே மதிப்பிடுகிறது. அரசன் என்று பெயர் பெற்ற விலங்கு சுருங்கியதில் குறை ஏதுமில்லை.

ராயோலியில் ராஜசாரஸ் தனித்திருக்கவில்லை. 1995இலும் 1997இலும் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைச் சேர்ந்த குழுவினர் தோண்டியெடுத்த எலும்புகள், வளர்ந்தவையும் இளையவையுமான பல விலங்குகளுக்கு உரியவை. 2010இல் நோவாஸும் சட்டர்ஜியும் உடன் ஆய்வாளர்களும் அவற்றை ராயோலிசாரஸ் குஜராத்தென்சிஸ் என்று பெயரிட்டு, ராஜசாரஸைவிட மெலிந்த உடலமைப்புடையது என்று விவரித்தனர். 1985இல் அபெலிசாரஸை விவரித்த அதே நோவாஸ் கால் நூற்றாண்டுக்குப் பின் குஜராத்தின் எலும்புகளுக்குப் பெயரிட வந்தது, இரு கண்டங்களின் ஆய்வு ஒன்றாகிவிட்டதற்கு அடையாளம். 2004இல் அவரும் இந்திய அறிஞர் சாஸ்வதி பந்தோபாத்யாயரும் மற்றொருவரும் 1933ஆம் ஆண்டு நூலின் ஊனுண்ணிகள் அனைத்தையும் மறு ஆய்வு செய்து, அவற்றுள் பெரும்பாலானவை வடக்கத்திய சாயல்கள் அல்ல, தெற்கத்திய அபெலிசாரிட் உறவுகளே என்று காட்டியிருந்தனர். ஆர்னிதோமிமாய்டிஸ் முதலிய பெயர்கள் பட்டியலில் மட்டும் மிஞ்சின.

தமிழகத்தின் பங்கு இவ்வரலாற்றில் எதிர்த்திசையில் அமைந்தது. அரியலூர்ப் பகுதியின் கிரெட்டேசியஸ் பாறைகளை 1860களில் ஹென்றி பிளான்ஃபோர்டு ஆராய்ந்து எழுதினார்; மாட்லியும் ஜபல்பூர்ப் பணிக்குப் பின் அங்கு வந்து, திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் டைனோசர்களைப் பற்றி 1929இல் கட்டுரை வெளியிட்டார். 1980களில் அங்குள்ள கல்லமேட்டில் புவியியல் ஆய்வுத்துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் மிகப்பெரிய எலும்புகளைக் கண்டனர். இடுப்பெலும்பு, தொடையெலும்பின் பகுதி, ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளமுள்ள கணைக்காலெலும்பு, முன்காலெலும்பு, வால் முள்ளெலும்பு ஆகியவை அவற்றுள் அடங்கும். பேருடல் என்னும் பொருள்படும் புருஹத்காயோசாரஸ் என்ற பேரினப் பெயரையும், மாட்லியின் நினைவாக மாட்லியி என்ற சிற்றினப் பெயரையும் அவர்கள் இட்டனர். வெளிவந்த கட்டுரையின் தலைப்பிலேயே அது பெரிய ஊனுண்ணி டைனோசர் என்று குறிக்கப்பட்டிருந்தது. அந்த வகைப்பாடு சரியாக இருந்திருந்தால், உலகில் அறியப்பட்ட ஊனுண்ணிகள் அனைத்தையும் பன்மடங்கு விஞ்சிய ஒன்று காவிரிப் படுகையில் வாழ்ந்ததாக ஆகியிருக்கும்.

இரண்டு மீட்டர் கணைக்காலெலும்பை எந்த ஊனுண்ணியின் காலும் கொண்டிருக்க இயலாது என்பதை உடலியலே உணர்த்தும். அவ்வளவு பெரிய விலங்கு இரண்டு கால்களில் நடந்து இரையைத் துரத்தினால், அதன் எலும்பு தன் எடையைத் தாங்குவதே அரிது. 1990களில் சட்டர்ஜி அதனை மறுமதிப்பிட்டு, நெடுங்கழுத்துத் தாவரவுண்ணியே என்று கூறினார். அதுவே இன்று ஏற்கப்பட்ட கருத்து. அந்த மறுமதிப்பீட்டில் அந்த விலங்கு தகுதியிழக்கவில்லை. நிலத்தில் நடந்த விலங்குகளுள் மிகப்பெரியவற்றுள் ஒன்று என்ற தகுதி அதற்கு உண்டு. கல்லமேட்டில் உண்மையான ஊனுண்ணிகளும் இருந்தன: 2013இல் ஜி. வி. ஆர். பிரசாத் முதலியோர் அப்பாறைகளிலிருந்து சேகரித்த சிறு எச்சங்களில் அபெலிசாரிட் பற்களும் இருந்தன. நர்மதையில் வாழ்ந்த குடும்பம் காவிரிப் பகுதியிலும் வாழ்ந்ததற்கு அந்தப் பற்கள் சான்று. ஒரு நிலத்தின் ஊனுண்ணி, இரண்டு மீட்டர் எலும்பினால் அறியப்படாமல், சிறு பற்களால் அறியப்பட்டது.

புருஹத்காயோசாரஸின் எலும்புகள் மண்ணிலிருந்து எடுக்கப்பட்டபின் தாங்கவில்லை. கல்லமேட்டின் களிமண்ணில் நெடுங்காலம் ஈரத்தை உறிஞ்சி மென்மையாகியிருந்த அவை பொடிந்து உதிர்ந்து, அருங்காட்சியகத்தில் சேர்க்கும் நிலையில் இல்லாமற் போயின என்று 2017இல் வெளியான கட்டுரை தெரிவித்தது. களத்தில் எடுக்கப்பட்டு அதுவரை வெளிவராதிருந்த புகைப்படங்கள் சில 2022இல் அச்சாயின. உலகின் மாபெரும் விலங்குகளுள் ஒன்றுக்கு இன்று எஞ்சியிருக்கும் சான்று அந்தப் புகைப்படங்களும், 1980களில் வரையப்பட்ட சில கோட்டோவியங்களும், அளவுக் குறிப்புகளுமே.